துளையோரத் தகடு

டிரஸ் பாலத்தின் வரைபடத்தில் உறுப்புகள் எல்லாம் கோடுகள்; அவை கூடும் இடம் ஒரு புள்ளி. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் புள்ளிக்குச் சூரிச்சில் கிடைத்த மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை. 1855இல் தொடங்கிய சூரிச் பாலிடெக்னிக்குக்கு, அதாவது இன்றைய இ.டி.எச்.சுக்கு, ஆரம்பத்திலேயே பேராசிரியராக வந்தவர் கார்ல் குல்மான். விசைகளைக் கோடுகளாக வரைந்து, பலகோணங்களை மூடி, விடையை அளவுகோலால் அளந்தெடுக்கும் முறையை அவர் ஒரு தனிப் பாடமாகவே வளர்த்தெடுத்தார். வரைபட நிலையியல் பற்றிய அவருடைய பெரிய நூல் 1866இல் வெளிவந்தது. அந்த முறை ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒவ்வொரு இணைப்பும் உராய்வே இல்லாத கீல், விசை உறுப்பின் நடுக்கோட்டிலேயே ஓடுகிறது. இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் எந்தப் பலகோணமும் மூடாது. ஒப்புக்கொண்டால் பட்டறையில் துளை போடுபவனின் வேலை முழுவதும் ஒரு பென்சில் முனைக்குள் அடங்கிவிடும். இரும்புக் கட்டுமானத்தின் பிந்தைய வரலாற்றை, அந்தப் புள்ளியை மறுபடி விரித்துப் பார்த்த வரலாறு என்று படிக்கலாம். தகடு மெலிந்துகொண்டே வர, அந்த வாசிப்புக்கு வலுவும் கூடிக்கொண்டே வருகிறது. மெல்லிய எஃகில் இணைப்பின் பலத்தை முடிவு செய்வது பெரும்பாலும் துளையின் ஓரத்தில் இருக்கும் தகடுதான், போல்ட் இரண்டாம் பட்சம். அந்த ஓரம் எவ்வளவு தாங்கும் என்பதும் வரைந்து கண்டதில்லை. இழுத்து, கிழித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

குல்மான் காலத்து இணைப்பு ரிவெட். சிவக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகி, மறுமுனையை அடித்துத் தலையாக்குவார்கள். ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். அடிக்கும்போது ஆணி உள்ளேயே பருத்துத் துளையையும் நிரப்பும் என்பதால், துளைக்கும் ஆணிக்கும் இடையிலான சிறு இடைவெளியைப் பற்றி அன்று பெரிதாகக் கவலைப்படவில்லை. தகடுகளும் தடிமனானவை. இப்படிப்பட்ட இணைப்பு தவறுகளை மன்னிக்கும். வரைபடத்துப் புள்ளி நிஜத்தில் பத்துப் பதினைந்து ரிவெட் கொண்ட ஒரு பட்டைத் தகடாக ஆனாலும், அது கீலைப் போலவே நடந்துகொள்வதாகப் பாவித்துக் காலம் தள்ள முடிந்தது. அந்தப் பாவனை வீண் என்று சொல்வதும் சரியில்லை. சூரிச்சில் குல்மானிடம் படித்த மோரிஸ் கோய்க்லின் 1879இல் ஈபிளின் நிறுவனத்தில் சேர்ந்து, 1884இல் பாரிஸ் கோபுரத்தின் முதல் வரைவைப் போட்டார். ஏறத்தாழ 25 லட்சம் ரிவெட் கொண்ட அந்தக் கோபுரம், சூரிச் வகுப்பறையின் பென்சில் கோட்டுக்கு நல்ல சாட்சி. சாட்சி ஒரு பக்கம்தான் பேசுகிறது என்பதற்கு, அதே ஈபிள் நிறுவனத்தின் பெயர் தாங்கிய இன்னொரு சுவிஸ் பாலம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

குல்மானை வெறும் காகிதப் பொறியாளர் என்று முத்திரை குத்துவது அநியாயம். கட்டுமானப் பொருள்களை இழுத்தும் நசுக்கியும் சோதிக்க ஓர் இயந்திரம் வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். அன்று அந்த வேலைக்குப் பேர்போனது நியூரம்பெர்க்கில் வெர்டர் வடிவமைத்த, 100 டன் வரை இழுக்கக்கூடிய இயந்திரம். 1880இல் பாலிடெக்னிக்கோடு சேர்ந்த ஒரு சோதனை நிலையம் உருவானது. அதுதான் பின்னாளில் எம்பா ஆனது. அதன் தலைவரானவர் குல்மானின் மாணவர், ஹங்கேரி ராஜ்யத்தில் பிறந்த லுட்விக் ஃபோன் டெட்மாயர். ஆசிரியர் வரைந்ததை மாணவர் இழுத்துப் பார்த்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையில் இரண்டு வேலையும் ஒரே பள்ளியில், ஒரே ஆட்களிடம், ஒன்றுக்கொன்று தெரிந்தே நடந்தன. ஆனாலும் பாலம் கட்டியவர்கள் இரண்டில் வரைபடத்தையே அதிகம் நம்பினார்கள், ஏனென்றால் அது மலிவு.

1891 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. பாசெலுக்குப் பக்கத்தில் மியூன்ஷென்ஸ்டைனில் பிர்ஸ் ஆற்றின் மேல் இருந்த ரயில் பாலம், இரண்டு எஞ்சின் பூட்டி வந்த ஒரு பயணிகள் ரயிலின் அடியில் நொறுங்கி விழுந்தது. இறந்தவர்கள் 70க்கும் மேல். 42 மீட்டர் நீளமுள்ள அந்த இரும்புப் பாலத்தை 1875இல் கட்டியது ஈபிளின் நிறுவனம். அங்கே கோய்க்லின் வேலைக்குச் சேர்வதற்கு நான்கு ஆண்டுகள் முந்திய கதை இது. அவர் மேல் பழி போட வழியில்லை. விசாரணைக்கு அனுப்பப்பட்ட இருவரும் சூரிச்காரர்கள்: ஒருவர் டெட்மாயர், இன்னொருவர் குல்மானின் நாற்காலியில் அமர்ந்திருந்த வில்ஹெல்ம் ரிட்டர். சோதனைக் கூடமும் வரைபட மேசையும் சேர்ந்து ஒரு சிதைவின் முன்னால் நின்றன. நடுவிலிருந்த சாய்வு உறுப்புகள் மிகவும் நலிந்தவை, இரும்பின் தரம் போதவில்லை, உறுப்புகள் மையம் விலகிப் பொருத்தப்பட்டிருந்தன என்று அவர்கள் குறைகளை அடுக்கினார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மியூன்ஷென்ஸ்டைனில் ரிவெட் எதுவும் அறுந்து பாலம் விழவில்லை. அழுத்தத்தில் இருந்த மெலிந்த உறுப்புகள் பக்கவாட்டில் நெளிந்து வளைந்ததே முக்கியக் காரணம் என்று பொறியியல் வரலாறு சொல்கிறது. டெட்மாயர் பிற்காலத்தில் புகழ்பெற்றதும் அந்த நெளிவு பற்றிய சோதனைகளால்தான். அப்படியிருக்க, இணைப்பின் கதையில் இந்தப் பாலத்துக்கு என்ன இடம்? அந்த மூன்றாவது குறையில்தான் அதன் இடம். ஓர் உறுப்பின் நடுக்கோட்டை விட்டு விலகி ஆணிகளை வைத்தால், நேராக அழுத்த வேண்டிய விசை அந்த உறுப்பை வளைக்கவும் செய்யும். நெளியத் தயாராக இருக்கும் உறுப்புக்கு அந்தச் சிறு வளைவே முதல் தள்ளு. அப்படிப் பார்த்தால் நெளிவு உறுப்பில் நடந்தது, அதன் ஒரு வேர் இணைப்பில் இருந்தது. வரைபடத்தில் புள்ளியாக இருந்தவரை இந்த விலகலைக் காட்டவே இடமில்லை. காகிதத்தில் கோடுகள் எப்போதும் சரியாகக் கூடிவிடுகின்றன.

அடுத்த ஆண்டே, 1892 ஆகஸ்டில், சுவிஸ் அரசு ரயில்வேயின் இரும்புப் பாலங்களையும் இரும்புக் கூரைகளையும் எப்படிக் கணக்கிட வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. தலைப்பிலேயே கணக்கும் சோதனையும் ஒன்றாக நின்றன. 1895இல் பொருள் சோதனைக்கான சர்வதேசச் சங்கம் சூரிச்சில் உருவானபோது அதன் தலைவர் டெட்மாயர். 1901இல் அவர் வியன்னாவுக்குப் போனார், 1905இல் காலமானார்.

ஆனால் அவர் காலத்து எஃகில் ‘மெல்லிய’ என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் இல்லை. மில்லிமீட்டர் கணக்கில் தகட்டைக் குளிர்நிலையிலேயே மடித்து, ‘சி’ வடிவத்திலும் ‘இசட்’ வடிவத்திலும் உத்தரமாக்குவது 20ஆம் நூற்றாண்டில் பரவிய வேலை. அப்போது பழைய கணக்கு தலைகீழானது. எண்ணிலேயே பார்த்துவிடலாம். 12 மி.மீ. போல்ட், 8.8 தரம்; இந்த எண்ணில் முதல் இலக்கம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் என்ற உடைபலத்தைக் குறிக்கிறது. மரையுள்ள பகுதியில் அதன் பரப்பு 84 சதுர மி.மீ. சொச்சம். அதை நறுக்க, பாதுகாப்புக்கான கழிவுகளைச் சேர்க்காமல், சுமார் 40 கிலோநியூட்டன் வேண்டும், அதாவது நான்கு டன்னுக்குச் சற்று மேல். அதே போல்ட்டை 1 மி.மீ. தடிமனுள்ள, 420 நியூட்டன் உடைபலம் கொண்ட துத்தநாகம் பூசிய தகட்டில் போடுங்கள். ஐரோப்பிய விதி யூரோகோட் 3இன் மெல்லிய தகட்டுப் பகுதி சொல்கிறபடி, துளையோரம் நசுங்காமல் தாங்குவது சுமார் 11.6 கிலோநியூட்டன், ஒரு டன்னும் கொஞ்சமும். போல்ட்டின் பலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்தத் தகட்டில் உபயோகமே இல்லாமல் கிடக்கிறது. இரண்டும் சமமாக வேண்டுமானால் தகடு 3.2 மி.மீ. அளவுக்குத் தடிக்க வேண்டும். இந்தக் கணக்கும், தகட்டின் முனை துளை மையத்திலிருந்து 36 மி.மீ. தள்ளி, அதாவது போல்ட்டின் விட்டத்தில் மூன்று மடங்கு தள்ளி இருந்தால்தான். 18 மி.மீ.யில் துளை போட்டால் தாங்குவது பாதியாகிவிடும். பட்டறையில் ஒரு விரல்கடை இடத்தை மிச்சம் பிடிப்பவருக்கு அந்தப் பாதி கண்ணில் படாது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது முக்கியம். வியன்னாவில் 1907இல் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் வின்டர் மெல்லிய எஃகின் தந்தை என்று அறியப்படுகிறார். (டெட்மாயரின் கடைசி ஊர் வின்டரின் பிறந்த ஊர், இதில் தற்செயலுக்கு மேல் ஒன்றும் இல்லை.) அமெரிக்க எஃகுத் தொழிலின் ஆதரவில் நடந்த அவருடைய ஆய்வுகளின் மேல் 1946இல் முதல் விதித்தொகுப்பு வந்தது. மெல்லிய தகட்டில் போல்ட் இணைப்புகளைச் சோதித்து அவர் எழுதிய கட்டுரை 1956இல் வெளிவந்தது. இணைப்பு நான்கு விதமாகத் தோற்றது. துளையிலிருந்து தகட்டின் முனை வரை இரண்டு இணைகோடுகளில் தகடு கிழிந்து போல்ட் வெளியே வந்துவிடுவது ஒன்று. போல்ட்டின் முன்னால் தகடு நசுங்கி, மண்வெட்டிக்கு முன் மண் குவிவது போலக் குவிவது இரண்டு. துளைகளின் வழியே தகடு குறுக்கே அறுவது மூன்று. போல்ட்டே அறுந்துபோவது நான்கு. மூன்று வகையில் குற்றவாளி தகடு. துளையோரத்தில் தகட்டின் உடைபலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம் தாங்குகிறது என்ற விஷயம், எந்த எளிய சூத்திரத்திலிருந்தும் பிறக்காதது. ஓரத்தைச் சுற்றியிருக்கும் தகடு ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அப்படி நடக்கிறது. எவ்வளவு என்பதைச் சோதனை சொன்னது.

எவ்வளவு நுட்பமாகச் சொன்னது என்பதற்கு வாஷர் ஒன்று போதும். மெல்லிய தகடுகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரே போல்ட்டால் பூட்டினால், இழுக்கும் விசைகள் ஒரே கோட்டில் இருப்பதில்லை. ஒரு தகட்டுத் தடிமன் அளவுக்கு விலகி நிற்கின்றன. மியூன்ஷென்ஸ்டைனில் உறுப்பின் அளவில் நடந்த அதே விலகல், இங்கே மில்லிமீட்டர் அளவில். விசை ஏற ஏறப் போல்ட் சாய்கிறது, தகட்டின் முனை சுருண்டு எழும்புகிறது, போல்ட்டின் தலை ஒரு பக்கமாகத் துளைக்குள் அமிழப் பார்க்கிறது. தலைக்கு அடியிலும் நட்டுக்கு அடியிலும் வாஷர் இருந்தால் தகடு சுருள இடம் குறைவு. நசுங்கிய தகடு குவிந்து எழும்பவும் வழியில்லை. அமெரிக்க விதித்தொகுப்பு இதை வெறும் அறிவுரையாக விடாமல் எண்ணாகவே எழுதிவைத்திருக்கிறது: இரு பக்கமும் வாஷர் இருந்தால் 1.00, இல்லாவிட்டாலோ ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ 0.75. தகடு இரண்டு தகடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், சுருளவே முடியாது என்பதால், 1.33. ஒரே போல்ட், ஒரே தகடு. வாஷரைக் கைவிட்டதும் பலத்தில் கால்வாசி போயிற்று. போல்ட்டின் விட்டம் தகட்டின் தடிமனைப் போலப் பத்து மடங்கைத் தாண்டினால் தாங்கும் எண் 3.0இலிருந்து இறங்கத் தொடங்கி, 22 மடங்கில் 1.8க்கு வந்துவிடும் என்பதும் அதே தொகுப்பில்தான். பெரிய போல்ட் போட்டால் நல்லது என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

பலமான போல்ட்டை மிக இறுக்கமாகத் திருகி, உராய்வாலேயே தகடுகளைப் பிடித்து நிறுத்தலாமே என்று கேட்கலாம். தடித்த தகட்டில் அது வெற்றி பெற்ற வழி. 1951இல் அமெரிக்காவில் அதற்கான முதல் விதிகள் வந்தபின் பாலங்களிலிருந்து ரிவெட் மெல்ல விடைபெற்றதும் அதனால்தான். மெல்லிய தகட்டில் அது செல்லாது. மடித்த தகடுகள் ஒன்றோடொன்று சமமாகப் படிவதில்லை, துத்தநாகப் பூச்சு வழுக்குகிறது, இறுக்கிய இழுவிசையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. ஆகவே விதிகள் துளையோரத் தாங்கலையே கணக்கில் எடுக்கின்றன. அப்படியானால் வெல்டிங்? பூச்சு எரிந்துபோகும், ஒரு மில்லிமீட்டர் தகடு ஓட்டையாகும், காற்றடிக்கும் இடத்தில் ஏணி மேல் நின்று செய்கிற வேலையும் அல்ல.

இந்த இடத்தில் சூரிச் ஏரிக்கரையில் நிற்கும் ஒரு கட்டடத்தைப் பார்க்கத் தோன்றுகிறது. ஹைடி வெபர் என்ற உள்ளலங்கார வணிகர், லெ கார்பூசியேவிடம் தன் செலவில் கட்டச் சொன்ன கண்காட்சி மண்டபம் அது. சண்டிகரைக் கான்கிரீட்டில் கட்டியவர் இதையும் முதலில் கான்கிரீட்டில்தான் நினைத்தார். பிறகு எஃகுக்கும் கண்ணாடிக்கும் மாறினார். 1965இல் அவர் இறந்துபோக, 1967 ஜூலை 15 அன்று மண்டபம் திறக்கப்பட்டது. 2.26 மீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக எஃகு ஆங்கிள்களைப் பூட்டிய சட்டம். இடையிடையே கண்ணாடியும் நிறமேற்றிய எனாமல் தகடும். பூட்டிய போல்ட்டுகள் 20,000 என்று சொல்வார்கள். அதைக் கேட்டவுடன் அத்தனை போல்ட் இருந்தால் எவ்வளவு பலம் என்று தோன்றும். எனக்கு அந்தக் கட்டடத்தில் பிடித்தது அந்த எண்ணிக்கை அல்ல, போல்ட் இல்லாத இடம். மேலே குடையாக நிற்கும் சுமார் 40 டன் கூரை 5 மி.மீ. எஃகுத் தகடுகளால் ஆனது. தகட்டோடு தகடு சேரும் அந்த மடிப்புகளை வெல்டிங் செய்தார்கள். அந்தக் கூரை தனக்கென்று தூண்கள் கொண்டு தனியாக நிற்கிறது. கீழே உள்ள கனசதுரங்கள் அதைச் சுமப்பதில்லை. தொடர்ச்சியாக நிற்க வேண்டிய பரப்புக்கு வெல்டிங், தொழிற்சாலையில் செய்து எண் போட்டு ஏரிக்கரையில் கொண்டுவந்து பூட்ட வேண்டிய சட்டத்துக்குப் போல்ட். துளைக்கும் ஓரத்துக்கும் வேண்டிய இடத்தை ஆங்கிளின் அகன்ற கை கொடுக்கிறது; பரந்த தகட்டின் விளிம்பு அப்படிக் கொடுக்காது. இந்தக் கட்டடம் மெல்லிய தகட்டு விதிகளின்படி கட்டிய ஒன்று இல்லை, அதன் சட்டம் சூடாக உருட்டிய எஃகு. கட்டடக்கலை விமர்சகர்கள் அந்தப் போல்ட் தலைகளில் இயந்திர யுகத்தின் அழகைப் பார்த்ததிலும் தவறில்லை. ஆனால் எதைப் பூட்டுவது, எதைப் பற்றவைப்பது என்ற பிரிவினையில் இருப்பது அழகுணர்ச்சி மட்டும் இல்லை. துளை போட்ட இடத்தில் எஃகு எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவும்தான்.

இன்னொரு ஆட்சேபம் பொறியாளர்களிடமிருந்தே வரும், அது வலுவானதும்கூட. தகடுதான் முதலில் தோற்கிறது என்றால் அது நல்லதுதானே? போல்ட் அறுவது திடீர் மரணம். துளை நீள்வதோ மெதுவாக நடக்கும், கண்ணுக்குத் தெரியும், சுமையைப் பக்கத்துப் போல்ட்டுக்கும் பகிர்ந்துகொடுக்கும். ஒப்புக்கொள்கிறேன், வின்டர் கண்ட நான்கு தோல்விகளில் இரண்டாவது, அதாவது தகடு குவிந்து நசுங்குவது, உண்மையிலேயே வரவேற்கத்தக்கது. துளை 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம், நீள்வதையே எல்லையாகக் கொண்டு குறைந்த ஒரு பலத்தை அமெரிக்க விதி தனியாகச் சொல்வதும் இந்த மென்மையை அளவோடு வைக்கத்தான். ஆனால் முனை கிழிவதும் குறுக்கே அறுவதும் அவ்வளவு பொறுமையானவை அல்ல. சுமை ஒரே பக்கமாக ஒரே தடவை வரும் என்ற நினைப்பையும் காற்று பொய்யாக்கிவிடுகிறது. 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை ட்ரேசி புயல் தரைமட்டமாக்கியபோது, கூரைத் தகடுகள் பல இடங்களில் ஆணியைச் சுற்றி வெடித்துக் கழன்றிருந்தன. ஒரே ஒரு பெரும் வீச்சில் அப்படி ஆகவில்லை. மணிக்கணக்காக மாறி மாறி வந்த உறிஞ்சலில் தகடு ஆணித் தலையடியில் வளைந்து நிமிர்ந்து களைத்துப்போயிற்று. அதன் பிறகு டார்வினில் கூரை இணைப்புகளை 10,000 முறை ஏற்றி இறக்கிச் சோதிக்கச் சொன்னார்கள். துளையோரம் மென்மையாக வளைந்துகொடுக்கும் என்ற நல்ல குணமே திரும்பத் திரும்ப நடக்கும்போது அதன் நோய் ஆகிறது.

நம் ஊரில் ஷெட் கூரை பறந்தால் முதலில் ஆராய்வது ஜே-போல்ட் எத்தனை மி.மீ. என்றுதான், செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ வந்தபின் அதன் கம்பெனிப் பெயர். தண்ணீர் ஒழுகக் கூடாது என்று அலைத்தகட்டின் மேட்டில் ஆணி போடுவது வழக்கம். ஒழுகலுக்கு அது சரி. புயலில் மேல்நோக்கி உறிஞ்சும்போது அதே மேடு ஆணித் தலைக்கு அடியில் குழிந்து, துளையிலிருந்து விரிசல் விடும் இடமும் அதுதான். அகலமான வாஷர் அங்கே செய்கிற வேலையைத் தடித்த ஆணி செய்யாது. இந்தியாவில் மெல்லிய எஃகு உறுப்புகளுக்கு ஐ.எஸ். 801 என்ற விதி இருக்கிறது; அதன் 1975ஆம் ஆண்டுப் பதிப்பு அமெரிக்கத் தொகுப்பின் வழியில் வந்தது. யூரோகோட் 3இன் மெல்லிய தகட்டுப் பகுதியோ, சூத்திரங்களைப் பக்கம் பக்கமாகக் கொடுத்த பிறகும், சோதனை மூலம் பலத்தை நிறுவ ஒரு தனிப் பின்னிணைப்பே வைத்திருக்கிறது: எத்தனை மாதிரி, எந்த வேகத்தில் இழுப்பது, அளந்த தகடு எதிர்பார்த்ததைவிடத் தடித்திருந்தாலோ கெட்டித்திருந்தாலோ முடிவை எவ்வளவு இறக்கிக் கொள்வது என்பது வரை. எம்பா 1962இல் சூரிச்சை அடுத்த ட்யூபென்டார்ஃபுக்கு இடம் மாறியது. கட்டடப் பாகங்களை உடைத்துப் பார்க்கும் வேலை அங்கே இன்னும் நடக்கிறது.